புல்டாக் வாங்குறது ஒரு நாள் செலவு, வளர்க்கிறது ஏழு வருஷ பட்ஜெட்: தேனி, கம்பம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு முழுக் கணக்கு

பைக் லோன், போன் இ.எம்.ஐ., கல்யாணச் செலவுன்னு நம்ம சேனல்ல பல கணக்கு பார்த்திருக்கோம். இந்த வாரம் பார்க்கப்போறது நாலு காலும் நசுங்கின மூக்குமா வர்ற ஒரு செலவு. புல்டாக்!

முதல் வேலை, கையில சொந்தச் சம்பளம், வீட்டுல இருந்தே லேப்டாப் வேலை. தேனி, சின்னமனூர், கம்பம், போடின்னு சொந்த ஊருக்கே திரும்பி வந்துட்ட நிறைய பேருக்கு அடுத்த ஆசை ஒரு நாய்க்குட்டி. ரீல்ஸ்ல குறட்டை விட்டுத் தூங்குற புல்டாக்கைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது? 2003-ல வந்த ஹட்ச் விளம்பரத்துக்கு அப்புறம் ஊரெல்லாம் பக் நாய் வந்துச்சே, அதே கதைதான் இப்போ புல்டாக், பிரெஞ்ச் புல்டாக் ரெண்டுக்கும் நடக்குது.

ஆசை தப்பு இல்லைங்க. ஆனா குட்டியோட விலையை மட்டும் பார்த்து முடிவு எடுத்தா, பைக்கோட எக்ஸ் ஷோரூம் விலையை மட்டும் பார்த்து வாங்குற மாதிரிதான். அதனால முதல்ல இந்த நாயோட உடம்பைப் புரிஞ்சுக்குவோம், அப்புறம் பணக் கணக்கு. உடம்பு தெரியாம பட்ஜெட் போடவே முடியாது.

எந்த புல்டாக்கைப் பத்திப் பேசுறோம்?

புல்டாக்னு சொன்னாலே குழப்பம் வருது. இங்கிலீஷ் புல்டாக்தான் அந்தக் கனமான, தொங்குற கன்னம் உள்ள நாய். வளர்ந்த ஆண் நாய் சுமார் 23 முதல் 25 கிலோ இருக்கும். பிரெஞ்ச் புல்டாக் சின்னது, வௌவால் காது. அமெரிக்கன் புல்டாக் உயரமா, தசை முறுக்கா இருக்கிற வேற ஒரு இனம்.

2024 மார்ச்ல மத்திய அரசு 23 நாய் இனங்களுக்குத் தடை சொல்லி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. அந்தப் பட்டியல்ல இருந்தது அமெரிக்கன் புல்டாக். அடுத்த மாசமே கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து பண்ணிடுச்சு. "புல்டாக்கை பேன் பண்ணிட்டாங்க"ன்னு வாட்ஸ்அப்ல வர்றது இந்தக் குழப்பத்துல இருந்து வந்ததுதான்.

நமக்கு நேரடியா சம்பந்தம் உள்ளது வேற ஒண்ணு. தமிழ்நாடு அரசு 2024-ல ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டுச்சு. நம்ம தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத சில வெளிநாட்டு இனங்களை இங்க இனப்பெருக்கம் செய்யக்கூடாதுன்னு அதுல இருக்கு. அந்தப் பட்டியல்ல பிரெஞ்ச் புல்டாக், பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் எல்லாம் உண்டு. அதே கொள்கை ஊக்கப்படுத்தச் சொல்ற நாட்டு இனங்கள்ல ஒண்ணு கோம்பை. ஆமாங்க, நம்ம உத்தமபாளையம் பக்கத்துல இருக்கிற அதே கோம்பைதான். அதைப் பத்திக் கடைசியில பேசுவோம்.

அந்த மூக்குதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்

புல்டாக்கோட மண்டை ஓடு குட்டையாயிடுச்சு. ஆனா உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குச் சுருங்கல. ஒரு பெரிய பெட்ஷீட்டை சின்னப் பைக்குள்ள திணிச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. மூக்குத் துவாரம் வெறும் கோடு மாதிரி இருக்கும். மேல் அண்ணத்தோட மென்மையான பகுதி நீளமா தொங்கி மூச்சு வழியை மறைக்கும். மூச்சுக் குழாயும் பல நாய்களுக்குப் பிறவியிலேயே குறுகலா இருக்கும். இது எல்லாத்தையும் சேர்த்து டாக்டர்கள் "போவாஸ்"னு சொல்வாங்க. கட்டை மூக்கு நாய்களுக்கு வர்ற மூச்சுத் தடை நோய்.

நாம "க்யூட்"னு வீடியோ எடுக்கிற அந்தக் குறட்டை, மூச்சுக்கு அது படுற கஷ்டமா இருக்கலாம். தூக்கத்துல திடீர்னு முழிக்கிறது, தலையை உயரத்துல வச்சுத் தூங்குறது, சாப்பிட்டதும் நுரையா கக்குறது, கொஞ்ச தூரம் நடந்ததும் படுத்துடுறது, ஈறு நீலம் பாய்றது. இதெல்லாம் டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய அறிகுறி. கடைசியில சொன்னது அன்னிக்கே, அந்த நிமிஷமே காட்ட வேண்டியது.

பிரிட்டனோட ராயல் வெட்னரி காலேஜ் 2022-ல ரெண்டு ஆய்வு வெளியிட்டுச்சு. மத்த நாய்களோட ஒப்பிட்டா இங்கிலீஷ் புல்டாக்குக்கு தோல் மடிப்புப் புண் வர்ற வாய்ப்பு 38 மடங்கு, செர்ரி ஐங்கிற கண் பிரச்சனைக்கு சுமார் 27 மடங்கு, போவாஸுக்கு சுமார் 19 மடங்குன்னு ஒரு ஆய்வு சொல்லுச்சு. இன்னொண்ணு ஆயுளைப் பத்தினது. அங்க இங்கிலீஷ் புல்டாக்கோட சராசரி எதிர்பார்ப்பு ஆயுள் 7.4 வருஷம். ஜாக் ரஸல் டெரியருக்கு 12.7. குளிர் நாட்டுலயே இப்படின்னா நம்ம சித்திரை வெயில்ல?

பள்ளத்தாக்கு வெயிலும் புல்டாக்கும்

நமக்கு வேர்க்கும், நாய்க்கு அப்படி வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது உடம்புச் சூட்டைக் குறைக்கணும். அந்த மூச்சு வழியே அடைச்சிருந்தா? வண்டிக்கு ரேடியேட்டர் இல்லாத நிலைமைதான். லாப்ரடாரோட ஒப்பிட்டா புல்டாக்குக்கு வெப்பத் தாக்கம் வர்ற வாய்ப்பு சுமார் 14 மடங்குன்னு 2020-ல வந்த ஒரு பிரிட்டன் ஆய்வு சொல்லுது.

"நம்ம ஊரைச் சுத்தி மலைதானே, ஜிலுஜிலுன்னு இருக்குமே"ன்னு நினைக்காதீங்க. மலை குளிரும், நாம இருக்கிறது பள்ளத்தாக்கோட அடியில. ஏப்ரல், மே மாசம் தேனியிலயும் ஆண்டிபட்டியிலயும் மத்தியானம் வெளியே போனவங்களுக்குத் தெரியும். மழைக்கு முன்னாடி வர்ற புழுக்கம் இன்னும் மோசம். காத்துல ஈரம் கூடினா மூச்சு வாங்கிச் சூட்டைக் குறைக்கிற வேலை இன்னும் மெதுவாகும். சரி, மேகமலைக்கு கூட்டிட்டுப் போலாமேன்னா, அது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். நாயோட பிக்னிக் போற இடம் இல்லைங்க.

புல்டாக் வச்சிருக்கிறவங்க இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க:

- நடை விடியற்காலையில, இல்லைன்னா நல்லா இருட்டின பிறகு. தார் ரோட்டுல உங்க புறங்கையை 7 செகண்ட் வச்சுப் பாருங்க. உங்களால தாங்க முடியலைன்னா அதோட பாதத்தாலயும் முடியாது.
- கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுத்திப் போடுற ஹார்னஸ் போடுங்க. கழுத்தை இறுக்கினா மூச்சு வழிதான் அடைபடும்.
- நிறுத்தின கார்ல அஞ்சு நிமிஷம்கூட விடாதீங்க. ஜன்னல் திறந்திருந்தாலும்தான்.
- கனமான தலை, குட்டைக் கால். பெரும்பாலான புல்டாக்குக்கு நீச்சல் வராது. முல்லைப் பெரியாத்துலயோ வாய்க்கால்லயோ இறக்கி விடுற ஆசை வேண்டாம்.
- நாயோட இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 105-ஐத் தாண்டினா உயிருக்கே ஆபத்து. தள்ளாட்டம், எச்சில் கொட்டுறது, வாந்தி, ஈறு ரொம்பச் சிவந்து போறது தெரிஞ்சா, உடனே நிழலுக்குத் தூக்கிட்டு வந்து உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி ஃபேன் போடுங்க. ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுடாதீங்க, அது சூட்டை உள்ளேயே பிடிச்சு வைக்கும். முதல்ல குளிர்விக்கணும், அப்புறம் வண்டி எடுக்கணும்.

தோல், கண், மூட்டு: மாசாமாசம் வர்ற பில்

மூச்சுப் பிரச்சனை பெரிய பில். தோல் பிரச்சனை சின்னச் சின்னதா, ஆனா நிக்காம வர்ற பில்.

முகத்து மடிப்புலயும் வால் அடியில இருக்கிற குழியிலயும் ஈரம் தங்கும். அங்க பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் வளர்ந்து நாத்தம், சிவப்பு, புண் வரும். தினமும் மடிப்பைத் துடைச்சு, காய வைக்கணும். துடைக்கிறது பாதி வேலைதான், காய வைக்கிறது மீதிப் பாதி. விரல் இடுக்குக் கொப்புளம், அலர்ஜி அரிப்பு, காதுல சீழ், குட்டியா இருக்கும்போது சொறி எல்லாமே இந்த இனத்துல சகஜம். நம்ம பக்கம் உண்ணி வேற. உண்ணிக் காய்ச்சல் ரத்த அணுக்களையே அழிக்கும். அதனால உண்ணி மருந்தை "இந்த மாசம் டைட்டு, அடுத்த மாசம் பார்க்கலாம்"னு தள்ளிப் போடக்கூடாது.

கண் ஓரத்துல சிவப்பா ஒரு சதை உருண்டை வந்தா அதுதான் செர்ரி ஐ. அது கண்ணீர் சுரக்கிற சுரப்பி. அதை வெட்டி எடுத்துட்டா பிற்பாடு கண் வறண்டு வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டி வரலாம். உள்ளேயே திருப்பி வச்சுத் தைக்கிற ஆபரேஷன்தான் நல்லது. முதல்ல விலை கம்மியா இருக்கிற வழி, பின்னாடி விலை அதிகமாகுறதுக்கு இது நல்ல உதாரணம். டாக்டர்கிட்ட "வெட்டுறீங்களா, உள்ளே வச்சுத் தைக்கிறீங்களா?"ன்னு கேளுங்க.

இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்துல ரொம்ப அதிகம். எடை கூடினா மூட்டு, மூச்சு ரெண்டுமே கெடும். அதனால புல்டாக்குக்கு நீங்க செய்யக்கூடிய காசில்லாத பெரிய வைத்தியம் ஒண்ணு உண்டு: அளந்து சோறு போடுறது. பாட்டி பாசத்துல ஊட்டுற மூணாவது இட்லி அந்த நாயோட மூச்சுல போய் உக்காரும்.

இன்னொரு விஷயம், இது கம்பம் பள்ளத்தாக்குக்கே உரியது. நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது நமக்குப் பெருமை. ஆனா திராட்சை நாய்க்கு விஷம். சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம். எத்தனை பழம் வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. கேசரி, பாயசத்துல போடுற உலர் திராட்சையும் அதே ஆபத்துதான். தோட்டம் வச்சிருக்கிற வீடு, பழக்கூடை தரையில இருக்கிற வீடு, ரெண்டும் கவனம். சாப்பிட்டதைப் பார்த்துட்டா அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே டாக்டருக்கு போன் போடுங்க. வெங்காயம், பூண்டு, சாக்லேட், சுகர் ஃப்ரீ சூயிங்கம் எல்லாம் அதே பட்டியல்ல சேரும்.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? அதுவும் ஒரு செலவுதான்

தடுப்பூசி, குடற்புழு மருந்து, சாதாரணத் தோல் பிரச்சனைக்கெல்லாம் உள்ளூர் கால்நடை மருந்தகமும் தனியார் கிளினிக்கும் போதும். தேனியில கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட கல்லூரி, 2020-ல ஆரம்பிச்சது. இது நமக்குப் பெரிய பலம்.

ஆனா மூச்சு வழி ஆபரேஷன் தனி ரகம். புல்டாக்குக்கு மயக்க மருந்து கொடுக்கிறதே ரிஸ்க். மயக்கம் தெளியும்போது மூச்சு அடைக்கிற ஆபத்து அதிகம். அனுபவம் உள்ள டாக்டர், ஆக்ஸிஜன், ஆபரேஷனுக்கு அப்புறம் பக்கத்துலயே இருந்து பார்க்கிற ஆள் எல்லாம் வேணும். அதுக்கு மதுரையோ கோயம்புத்தூரோ சென்னையோ போக வேண்டி வரலாம். கம்பத்துல இருந்து தேனிக்கே சுமார் 40 கிலோமீட்டர். தேனியில இருந்து மதுரைக்கு இன்னும் 75 கிலோமீட்டருக்கு மேல. மே மாச மத்தியானத்துல மூச்சு வாங்குற நாயை பஸ்லயோ ஆட்டோவுலயோ கொண்டு போக முடியாது. ஏ.சி. கார் வேணும். ராத்திரி 11 மணிக்கு யார் கார் கொடுப்பாங்க, எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும்? இந்த ரெண்டு கேள்விக்கும் பதிலை குட்டி வாங்குறதுக்கு முன்னாடியே போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

கையில 35,000 ரூபாய் சம்பளம் வாங்குற ஒருத்தரை எடுத்துக்குவோம். கீழே இருக்கிறது கணக்குப் போடுற முறையைக் காட்டுற ஒரு உதாரணம். உங்க ஊர் கடையிலயும் டாக்டர்கிட்டயும் கேட்ட விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க. வளர்ந்த புல்டாக், மாசச் செலவு:

- சாப்பாடு: மாசம் 10 கிலோ, கிலோ 350 ரூபாய்னு வச்சா 3,500
- உண்ணி மருந்து, குடற்புழு மருந்து, ஷாம்பு, மடிப்புத் துடைக்கிற வைப்ஸ்: 1,200
- தோல், காது, கண்ணுக்கு அப்பப்போ வர்ற வைத்தியம்: 1,600
- தடுப்பூசி, வருஷ செக்கப் 6,000-ஐ 12-ஆ பிரிச்சா: 500
- கூடுதல் கரண்ட், வருஷச் சராசரியில: 500
- ஊருக்குப் போகும்போது பார்த்துக்கிற ஆளுக்கு, சராசரியில: 700

மொத்தம் 8,000. வருஷத்துக்கு 96,000. ஏழரை வருஷத்துக்கு 7,20,000. விலைவாசி ஏத்தத்தைக் கணக்குலயே எடுக்கல, குட்டியோட விலையையும் சேர்க்கல.

இதுக்கு மேல ஆபரேஷன் நிதி. 60,000 ரூபாய் இலக்குன்னு வச்சு ரெண்டு வருஷத்துல சேர்க்கணும்னா மாசம் 2,500. ஆக 10,500. உங்க சம்பளத்துல சரியா 30%. வீட்டு வாடகை, வீட்டுக்குக் கொடுக்கிற பணம், பெட்ரோல், உங்க எஸ்.ஐ.பி. எல்லாம் மீதி 70%-லதான் நடக்கணும். 50-30-20 ஃபார்முலா ஞாபகம் இருக்கா? அதுல ஆசைக்குன்னு ஒதுக்கின 30% முழுக்க ஒரே நாய்க்குப் போயிடும்!

கரண்ட் பில்லுல ஒரு மறைமுகக் குழி இருக்கு, அதையும் சொல்லிடுறேன். நம்ம பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, ஸ்லாப் முறையில. ஆரம்ப யூனிட்கள் இலவசம், மேல போகப் போக யூனிட் விலை ஏறும். 500-ஐத் தாண்டினா கீழ் ஸ்லாப்ல கிடைச்ச சலுகையும் குறையும். வீட்டுல ஏற்கனவே 250 யூனிட் ஓடுதுன்னு வைங்க. 1 டன் ஏ.சி. மணிக்கு 0.8 யூனிட், தினம் 7 மணி நேரம், 60 நாள்னா 336 யூனிட். மொத்தம் 586. கூடுதலா ஓடினது 336 யூனிட்தான்னாலும் பில் அதை விட வேகமா ஏறும். நாய்க்குன்னு தனி ரூம்ல ஏ.சி. போடாம, நீங்க வேலை பார்க்கிற அதே ரூம்ல அதையும் படுக்க வச்சா இந்தச் செலவுல பாதியை மிச்சம் பண்ணலாம்.

"இதை எஸ்.ஐ.பி.யில போட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்குமே"ன்னு நான் சொல்லப்போறது இல்ல. நாய் முதலீடு இல்லைங்க, அது ஒரு உயிர், வீட்டுல ஒரு ஆள். ஆனா அந்த ஆளுக்கு மூச்சு அடைக்கும்போது "சம்பளம் வரட்டும்"னு 1-ஆம் தேதி வரைக்கும் காத்திருக்க முடியாது. அதுக்குத்தான் இந்தக் கணக்கு.

இன்சூரன்ஸ் இருக்கே?

இருக்கு. இந்தியாவுல சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்க்குப் பாலிசி கொடுக்கிறாங்க. ஆனா புல்டாக் விஷயத்துல பாலிசி பேப்பரோட "விலக்குகள்" பக்கத்தைத்தான் முதல்ல படிக்கணும். பிறவிக் குறைபாடு, பரம்பரை நோய், ஏற்கனவே இருந்த நோய்க்கெல்லாம் பணம் கிடைக்குமா? புல்டாக்குக்கு வர்ற பெரிய செலவுல பலது இந்த மூணுக்குள்ளதான் அடங்கும். ஏஜென்ட்கிட்ட இந்த நாலு கேள்வியை எழுத்துல கேளுங்க:

- போவாஸ் ஆபரேஷன், செர்ரி ஐ, இடுப்பு மூட்டு மூணும் கவர் ஆகுமா?
- காத்திருப்புக் காலம் எவ்வளவு? எந்த வயசு வரைக்கும் புதுப்பிக்கலாம்?
- பணம் கட்டிட்டு பின்னாடி வாங்கிக்கணுமா, எந்த ஆஸ்பத்திரி பில்லும் செல்லுமா?
- நாயை அடையாளம் காட்ட மைக்ரோசிப் வேணுமா, போட்டோ போதுமா?

மழுப்பலான பதில் வந்தா அந்த பிரீமியத்தை உங்க ஆபரேஷன் நிதியிலயே போட்டுடுங்க.

"குட்டி போட்டு வித்தா காசு வந்துடுமே ப்ரோ!"

இந்த ஐடியா கண்டிப்பா யாராவது கொடுப்பாங்க. சைடு இன்கம் ஆசைதான். கணக்கைப் பாருங்க.

தலை பெரிசு, இடுப்பு குறுகல். பெரும்பாலான புல்டாக்கால இயற்கையா குட்டி போட முடியாது. பிரிட்டன்ல 2010-ல வந்த ஒரு ஆய்வுல புல்டாக் பிரசவத்துல 80%-க்கு மேல சிசேரியன். மயக்க மருந்து ரிஸ்க்கைப் பத்தி மேலேயே சொன்னேன். தாயும் போகலாம், குட்டியும் போகலாம். பிறந்த குட்டிகளை ராத்திரி பகலா பார்க்கணும், உங்க ஷிப்ட்டை யார் பார்ப்பாங்க? சட்டமும் இருக்கு. 2017-ல வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள்படி இதைத் தொழிலா செய்றவங்க மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. பிரெஞ்ச் புல்டாக்னா நம்ம மாநிலக் கொள்கையே இனப்பெருக்கம் வேண்டாம்னு சொல்லுது. இது சைடு இன்கம் இல்லைங்க, ஒரு நாயோட வயித்தை வச்சு ஆடுற சூதாட்டம்.

முடிவு பண்ணியாச்சுன்னா வாங்குறதுக்கு முன்னாடி

ஒண்ணு, மூணு மாச ஒத்திகை. 10,500 ரூபாயை சம்பளம் வந்த அன்னிக்கே தனி அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க. மூணு மாசமும் தொடாம 31,500 சேர்ந்துச்சா? அதுதான் உங்க நாயோட முதல் அவசர நிதி. நடுவுல எடுத்துட்டீங்கன்னா, குட்டிக்கு இப்போ நேரம் இல்லைன்னு அர்த்தம். குட்டியை கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில வாங்குற பேச்சே வேண்டாம்.

ரெண்டு, அம்மா நாயை நேர்ல பாருங்க. காட்ட மறுத்தா அங்கேயே திரும்பி வந்துடுங்க. மூக்குத் துவாரம் திறந்திருக்கா, கோடு மாதிரி இருக்கான்னு கவனிங்க. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக டாக்டர்கள் உருவாக்கின மூச்சுப் பரிசோதனையில, நாயை 3 நிமிஷம் வேகமா நடக்க விட்டு, முன்னாடியும் பின்னாடியும் மூச்சுச் சத்தத்தை ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்பாங்க. அதை டாக்டர்தான் செய்யணும். ஆனா காலை வேளையில அம்மா நாய் 3 நிமிஷம் நடந்துட்டு எப்படி மூச்சு விடுதுன்னு உங்க காதாலயே கேட்கலாம். கே.சி.ஐ. பேப்பர் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது.

மூணு, வீட்டுல ஒரு மீட்டிங் போடுங்க. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பமே கிளம்பும்போது நாயோட யார் இருப்பாங்க? நீங்க ஆபீஸ்க்கு பெங்களூர் போகணும்னா தினமும் மடிப்பைத் துடைக்கப் போறது அம்மாவா? அம்மாகிட்ட கேட்டீங்களா?

ஏற்கனவே வாங்கிட்டீங்களா?

பயப்படாதீங்க, ரோட்டுல விடுற நினைப்பு மட்டும் வரவே வேண்டாம். இந்த நாயால தெருவுல பிழைக்கவே முடியாது. எடையைக் குறைங்க, மடிப்பைக் காய வைங்க, வெயிலைத் தவிருங்க. ஒண்ணு ரெண்டு வயசுக்குள்ள ஒரு நல்ல டாக்டர்கிட்ட மூச்சு வழியைச் சோதிச்சுடுங்க. ஆபரேஷன் தேவைன்னா, தொண்டை இன்னும் கெட்டுப் போறதுக்கு முன்னாடி செய்றதுதான் பலன் தரும். கருத்தடை ஆபரேஷனையும் அதே மயக்கத்துல சேர்த்துச் செய்ய முடியுமான்னு கேளுங்க. மயக்க மருந்து ரிஸ்க்கும் ஒரு தடவையோட போகும், செலவும் குறையும்.

கோம்பை இருக்கும்போது?

கோம்பை நாய் நம்ம மண்ணோட இனம். நீளமான மூக்கு, இறுக்கமான உடம்பு, குட்டை முடி, நம்ம வெயிலுக்குப் பழகின ரத்தம். மூச்சுக்கு ஆபரேஷன், மடிப்புக்கு வைப்ஸ், நாய்க்குன்னு ஏ.சி. இந்த மூணு வரியும் உங்க பட்ஜெட்ல இருந்து போயிடும். ஆனா அதையும் கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. அது காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த நாய். ஓட இடம் வேணும், சின்ன வயசுலயே பழக்கணும், தினமும் நேரம் கொடுக்கணும். ஒரு பெட்ரூம் மாடி வீட்டுல கட்டிப் போட்டா அதுவும் கஷ்டப்படும், பக்கத்து வீட்டுக்காரரும் கஷ்டப்படுவார். மாடி வீடுதான்னா, தெருவுல பிறந்த ஒரு குட்டியை எடுத்து தடுப்பூசி, கருத்தடை பண்ணி வளர்க்கிறது இன்னும் நல்ல வழி. குட்டிக்கு விலையும் இல்ல, அதோட மூக்கும் ஒழுங்கா வேலை செய்யும்.

இந்த வாரம் உங்களுக்கு ஹோம்வொர்க் ஒண்ணுதான். மேலே இருக்கிற ஆறு வரிச் செலவையும் ஒரு பேப்பர்ல எழுதி, உங்க பக்கத்து டாக்டர்கிட்டயும் கடையிலயும் கேட்ட உண்மையான விலையைப் போடுங்க. கூட்டுத்தொகையைச் சம்பளத்தால வகுத்து எத்தனை சதவீதம்னு பாருங்க. புல்டாக் வாங்கணும்னு துடிக்கிற உங்க நண்பருக்கும் இதை அனுப்பி விடுங்க. அடுத்த வாரம் இன்னொரு கணக்கோட சந்திப்போம்.